நாலு கிராம் குளோரின்

பல்லேடியம் குளோரைடு 10 கிராம் வாங்கினால் அதில் 6 கிராம்தான் பல்லேடியம். மிச்சம் 4 கிராம் குளோரின். காசு கொடுப்பது அந்த 6 கிராமுக்கு; பாடுபடுவதெல்லாம் அந்த 4 கிராமை வெளியே அனுப்ப. வினையூக்கி தயாரிக்கும் தொழில் எப்படி என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். விலை உயர்ந்த உலோகம், நானோ துகள், ஹைட்ரஜன் எரிபொருள் என்று ஏதேதோ எதிர்பார்த்துக் கேட்டவர்களுக்கு, நான் நாள் முழுக்கக் கரியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்றால் சப்பென்று போய்விடும்.

நான் பிறந்தது மரக்காணத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் எங்கள் ஊர் உப்புக் குவியல்களைப் பார்க்காமல் தாண்ட முடியாது. பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடமும், 2021ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியும் பக்கத்தில்தான். உப்பு என்றால் சோடியம் குளோரைடு. குளோரைடை அம்பாரம் அம்பாரமாகக் குவித்து விற்கிற ஊரில் பிறந்துவிட்டு, பத்து லட்சத்தில் சில பங்கு குளோரைடு மிஞ்சினாலும் சரக்கை விற்க மனம் வராத வேலைக்கு வந்து சேர்ந்தேன். சித்தப்பா இன்னும் அளத்தில்தான் இருக்கிறார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று முதல்முறை விளக்கிச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏன் பாப்பா, உப்பே வேணாம்னு கழுவுறதுக்கா இவ்ளோ படிச்ச?"

வேலை இதுதான். ஃபார்மிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் பல்லேடியம் வினையூக்கிகளைத் தயாரிப்பதும், அவை எத்தனை நாள் தாங்குகின்றன என்று சோதிப்பதும். ஃபார்மிக் அமிலம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷெட்டுகளில் அது அன்றாடச் சரக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க அதைத்தான் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறார்கள். 85 சதவீத அமிலமாக 35 கிலோ பிளாஸ்டிக் கேன்களில் வரும். மூடியைத் திறந்தால் மூக்கில் சுரீர் என்று ஏறும். தோலில் பட்டால் கொப்பளித்துவிடும்.

அந்தக் கேனுக்குள் ஹைட்ரஜன் இருக்கிறது. தூய அமிலத்தின் எடையில் 4.4 சதவீதம், லிட்டருக்கு 53 கிராம். இது சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஹைட்ரஜன் வாயுவை 700 பார் அழுத்தத்தில் தொட்டியில் அடைத்தாலும் லிட்டருக்குச் சுமார் 40 கிராம்தான் தேறும். அதற்குத் தடித்த கார்பன் இழை உருளையும், அழுத்தி ஏற்ற இயந்திரமும், பாதுகாப்பு ஏற்பாடும் தனி. ஃபார்மிக் அமிலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கேனும் கையுறையும் போதும். அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும், லாரியில் ஏற்றலாம், பம்ப்பில் இறைக்கலாம். 50 டிகிரி சூட்டில் பல்லேடியத்தின் மேல் பட்டால் ஹைட்ரஜனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்துவிடும். தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் செலவழிக்க வேண்டும். இந்த அமிலமோ தானாகவே பிரியக்கூடியது. நடுவில் இருக்கும் தடையைத் தாழ்த்திக் கொடுக்க ஓர் உலோகம் வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே என்றால், இந்த அமிலம் பிரிவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நாம் விரும்பும் வழி: ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும். இன்னொன்று, தண்ணீரும் கார்பன் மோனாக்சைடும். வினையூக்கி எதுவும் போடாமல் மூடி வைத்தாலும், அடர்த்தியான ஃபார்மிக் அமிலம் இரண்டாவது வழியில் மெல்ல மெல்லச் சிதையும். அதனால்தான் அதன் கேன்களுக்குக் காற்று வெளியேறும் மூடி போடுகிறார்கள். இறுக்கி அடைத்தால் கேன் உப்பிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு மனிதரைக் கொல்வது எல்லாருக்கும் தெரியும். எரிபொருள் கலத்தையும் அது கொல்லும். வாகனங்களுக்கான ஹைட்ரஜனில் பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலகத் தர விதி. பல்லேடியத்தின் மீதும் அது ஒட்டிக்கொண்டு நகராது. ஆக, தவறான வழியில் கொஞ்சம் போனாலும் வரும் வாயு கெடும், வினையூக்கியும் கெடும்.

எந்தப் பொருள் இந்த அமிலத்தை எந்த வழியில் தள்ளும் என்பது நூறு வருஷத்துக் கேள்வி. 1912ல் நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சுக்காரர் பால் சபாட்டியே, உலோகங்களையும் ஆக்சைடுகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து வகைபிரித்தார். உலோகங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் பக்கம், அலுமினா போன்றவை தண்ணீர் பக்கம். 1980களில் எருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் சாஸன், பிளம் முதலானோர் பல்லேடியம் ஏற்றிய கரியை வைத்து, ஃபார்மேட் உப்புக் கரைசலிலிருந்து ஹைட்ரஜனை எடுக்கவும், மிஞ்சிய பைகார்பனேட்டில் ஹைட்ரஜனைச் செலுத்தித் திரும்ப ஃபார்மேட் ஆக்கவும் முடியும் என்று காட்டினார்கள். 2008ல் ஜெர்மனியில் பெல்லர் குழுவும் சுவிட்சர்லாந்தில் லாரென்ட்சி குழுவும் ருத்தேனியச் சேர்மங்களைக் கரைத்து இதே வேலையைச் செய்ய, ஃபார்மிக் அமிலம் மறுபடி பேச்சுக்கு வந்தது. 2011ல் ஆக்ஸ்ஃபோர்டில் எட்மன் ட்சாங் குழு, வெள்ளித் துகளின் மேல் பல்லேடியத்தை மெல்லிய படலமாகப் போர்த்தி, அறை வெப்பத்திலேயே ஹைட்ரஜன் எடுத்தது. உள்ளே இருக்கும் வெள்ளி மேலே இருக்கும் பல்லேடியத்துக்கு எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறது. அதனால் பல்லேடியத்தின் சுறுசுறுப்பு கூடுகிறது.

ஆய்வுக் கட்டுரைகளில் இதெல்லாம் ஒரு பத்தியில் முடிந்துவிடும். பட்டறையில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

95 கிராம் கரி, 5 கிராம் பல்லேடியம் கொண்ட ஒரு சின்ன ஈட்டை எடுத்துக்கொள்வோம். கரி என்றால் கொட்டாங்குச்சியைச் சுட்டு, நீராவியில் துளை விழச் செய்த கரி. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் இந்தக் கரித் தொழில் பெரிது. ஒரு கிராம் கரிக்குள் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும். கூடவே சாம்பலும் இருக்கும்: பொட்டாசியம், கொஞ்சம் குளோரைடு. தென்னை உப்பை விரும்பிக் குடிக்கிற மரமாயிற்றே. அதனால் முதல் வேலையே, கரியை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டுக் கழுவுவது.

அடுத்தது பல்லேடியம். பல்லேடியம் குளோரைடு செம்பழுப்பு நிறப் பொடி. வெறும் தண்ணீரில் கரையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் விட்டுச் சூடாக்கினால் கரையும். விரட்ட வேண்டிய குளோரைடை நாமே இன்னும் ஒரு பங்கு ஊற்றுகிறோம்! கரியைத் தண்ணீரில் கலக்கி, சோடியம் கார்பனேட் போட்டு, கலக்கும் கருவி சுழன்றுகொண்டே இருக்க, இந்தப் பழுப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் பல்லேடியம் கரியின் வெளித்தோலில் மட்டும் திட்டுத் திட்டாகப் படியும். நிதானமாக விட்டால் உள்ளே இறங்கும். இடையிடையே ஒரு சொட்டை வடிதாளில் விட்டுப் பார்ப்போம். சுற்றிலும் பரவும் ஈரம் நிறமில்லாமல் இருந்தால் பல்லேடியம் முழுக்க ஹைட்ராக்சைடாகக் கரியில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு சோடியம் ஃபார்மேட் கரைசலை ஊற்றிச் சூடேற்றுவோம். கரிக்குள் இருக்கும் பல்லேடியம் ஹைட்ராக்சைடு, உலோகமாக மாறும். கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரும். உலோகமாக மாறிய உடனேயே பல்லேடியம் தன் தொழிலை ஆரம்பித்துவிட்டது, மிஞ்சிய ஃபார்மேட்டைப் பிரித்து ஹைட்ரஜன் விடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒவ்வொரு துகளும் 2, 3 நானோமீட்டர் இருந்தால் நல்லது. அந்த அளவில் பல்லேடிய அணுக்களில் கிட்டத்தட்டப் பாதி மேற்பரப்பில் இருக்கும். உள்ளே புதைந்து கிடக்கும் அணுவுக்கு நாம் கொடுத்த காசு வீண்.

இங்கேதான் கழுவல் தொடங்குகிறது. மேலே சொன்ன கணக்கில், 8.3 கிராம் பல்லேடியம் குளோரைடும் அதைக் கரைத்த அமிலமும் சோடியம் கார்பனேட்டோடு சேர்ந்து கொடுப்பது குறைந்தது 11 கிராம் சோடியம் குளோரைடு. எங்கள் ஊர்ச் சரக்கேதான். அந்த 11 கிராம் உப்பும் கரியின் துளைகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. குளோரைடு பல்லேடியத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, அமிலம் வந்து உட்கார வேண்டிய இடத்தை மறிக்கும். சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கவும் வழிசெய்யும். அமிலக் கரைசலில் பல்லேடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே கொண்டு போகவும் செய்யும்.

எனவே உறிஞ்சு புனலில் கரியைப் பரப்பி, வெதுவெதுப்பான அயனி நீக்கிய தண்ணீரை ஊற்றி வடிப்போம். வடிந்த தண்ணீரில் கொஞ்சம் சோதனைக் குழாயில் பிடித்து, முதலில் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம். இல்லாவிட்டால் மிஞ்சிய கார்பனேட் நம்மை ஏமாற்றும். பிறகு ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட். முதல் வடிநீரில் தயிர் திரிந்த மாதிரி வெள்ளை இறங்கும். போகப் போகப் பால் தட்டினாற்போல் ஒரு மங்கல். அப்புறம் மங்கலா தெளிவா என்று கண்ணுக்குப் பிடிபடாத நிலை. குழாயின் பின்னால் கறுப்புக் காகிதத்தை வைத்து, பக்கத்தில் சுத்தத் தண்ணீர்க் குழாய் ஒன்றையும் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் நிறுத்தலாம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நிறுத்தக்கூடாது. அதே கரியைச் சுத்தத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்துக் காலையில் பார்த்தால் மறுபடி மங்கல் தட்டும். நுண்துளைகளுக்குள் இருந்த உப்பு அவசரத்துக்கு வெளியே வராது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ராத்திரி ஊறிய தண்ணீரும் தெளிவாக இருந்தால்தான் கழுவல் முடிந்தது. இந்த வேலையில் இருப்பவர்களை விரல் நுனி பார்த்தே கண்டுபிடிக்கலாம். வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் கறுத்து, உரிந்து விழும்வரை போகாது.

குளோரைடே இல்லாத பல்லேடியம் நைட்ரேட்டில் தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். தொடங்கலாம். விலை கூடும், அந்தக் கரைசல் நாள்பட நிற்கவும் செய்யாது. பெரும்பாலானோர் குளோரைடிலேயே ஆரம்பித்துக் கழுவிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னால் அவருக்கு உடனே புரியும். உப்புத் தொழிலும் வேண்டாததை விலக்கும் தொழில்தான். கடல் தண்ணீர் 3, 3.5 டிகிரி இருக்கும். டிகிரி என்றால் அளத்தில் மிதவைக் கண்ணாடியைப் போட்டு அடர்த்தி பார்க்கும் கணக்கு. தெப்பத்தில் நின்று வெயிலில் வற்ற வற்ற டிகிரி ஏறும். 13க்கு மேல் ஜிப்சம் அடியில் இறங்கும். அதை அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் அடுத்த பாத்திக்குத் திறக்க வேண்டும். 25ல் உப்பு பூக்கும். 29, 30 தாண்டினால் மக்னீசியம் சேர்ந்து, உப்பு கசக்கும், மழைக்காற்று பட்டாலே கசியும். அதற்கு முன்னாலேயே கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். "உப்பு தானா வரும் பாப்பா. எப்பத் தண்ணிய வெளிய விடணும்னு தெரிஞ்சவன்தான் அளக்காரன்" என்பார். எங்கள் ஆய்வகத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஹைட்ரஜனுக்கும் எங்கள் ஊருக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. மரக்காணத்திலிருந்து தெற்கே போனால் புதுச்சேரிக்கு முன்னால் காலாப்பட்டு. அங்கே இருக்கும் கெம்ஃபேப் ஆல்கலிஸ் ஆலை, உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா தயாரிக்கிறது. சவ்வு மின்கல முறையை 1985ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முன்னோடி ஆலை அது. மரக்காணம் பகுதியில் அதற்கென்று உப்பளங்களும் உண்டு. காஸ்டிக் சோடா ஒரு டன் எடுத்தால் கூடவே 25 கிலோ ஹைட்ரஜன் வரும். உப்புக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் உப்புக்குச் சுமார் 17 கிலோ. அந்த ஹைட்ரஜன் உப்பிலிருந்து வருவதல்ல, தண்ணீரிலிருந்து வருவது; ஆனாலும் உப்பு இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது. இத்தகைய ஆலைகளில் சவ்வுக்குள் போகும் உப்புக் கரைசலில் கால்சியமும் மக்னீசியமும் நூறு கோடியில் 20 பங்குக்குள் இருக்க வேண்டும். அளத்தில் சித்தப்பா வடித்து விடும் மக்னீசியத்தின் மிச்சத்தைத்தான் அங்கே ரெசின் வைத்துப் பிடிக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வேண்டிய டைட்டேனிய மின்வாய்களை நம் நாட்டிலேயே செய்யும் முறையைக் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 1953ல் திறக்கப்பட்ட அந்த நிலையம், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்தது.

இன்னும் தெற்கே, கடலூர் சிப்காட்டில் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் பென்டா ஆலை இருக்கிறது. பெயின்டுக்கு வேண்டிய பென்டாஎரித்ரிட்டால் தயாரிக்கும்போது காஸ்டிக் சோடா செலவாகி, கூடவே சோடியம் ஃபார்மேட் கிடைக்கும். ஃபார்மிக் அமிலத்தைப் பல்லேடியத்தின் மேல் பிரிக்கும்போது நான் கூடச் சேர்ப்பதும் அதே சோடியம் ஃபார்மேட்தான். அமிலம் தனியாக இருந்தால் வேகம் மந்தம். ஃபார்மேட் கலந்தால் பல மடங்கு கூடும், ஏனென்றால் பல்லேடியத்தின் மேல் உட்கார்ந்து கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கக் கொடுப்பது ஃபார்மேட் அயனிதான். அளத்து உப்பு, காஸ்டிக், ஃபார்மேட், ஹைட்ரஜன் என்று ஒரே கடற்கரையில் தொடர்ச்சியாக இந்தச் சரக்குகள் இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

செய்த வினையூக்கியைச் சோதிக்கும்போது மட்டும் உப்பை உள்ளே விடுகிறேன். குடுவையில் அமிலமும் ஃபார்மேட்டும் வினையூக்கியும். 50 டிகிரி வெந்நீர்த் தொட்டி. வரும் வாயுவை அளக்கத் தலைகீழாக நிறுத்திய அளவுக் குழாய். அந்தக் குழாயில் வெறும் தண்ணீரை நிரப்பினால், வருகிற கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு அதில் கரைந்துவிடும். அளவு குறைவாகக் காட்டும். கெட்டியான உப்புத் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் விட்டு நிரப்பினால் அது அவ்வளவாகக் கரையாது. நான் பயன்படுத்துவது வீட்டிலிருந்து கொண்டுவந்த கல்லுப்பு. அது தவறியும் குடுவைக்குள் உறிஞ்சப்படாமல் இருக்க, நடுவில் ஒரு காலிக் குடுவை காவலுக்கு இருக்கும்.

10 மில்லிமோல் அமிலம் முழுக்கப் பிரிந்தால் ஏறக்குறைய 490 மில்லிலிட்டர் வாயு வர வேண்டும். வழியில் காஸ்டிக் சோடாக் கரைசலை வைத்தால் கார்பன் டை ஆக்சைடு அதில் சிக்கிக்கொள்ளும். பாதி, அதாவது 245 மில்லிலிட்டர், ஹைட்ரஜனாகத் தங்கும். இரண்டு கணக்கும் பொருந்தினால் வழி சரியாகப் போகிறது என்று தெரியும். கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்பதை இந்தக் குழாய் சொல்லாது. அதற்கு வாயுவைக் குரோமட்டோகிராஃபில் ஏற்றி, அதை மீத்தேனாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதல் 10 நிமிஷம் எல்லா வினையூக்கியும் நன்றாகத்தான் ஓடும். கட்டுரைகளில் பெருமையாகப் போடும் வேக எண்கள் பெரும்பாலும் இந்த ஆரம்ப நிமிஷங்களின் கணக்கு. ஆலைக்காரர் கேட்பது ஆயிரம் மணி நேரத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று. அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு படிவதும், துகள்கள் சேர்ந்து பருப்பதும், பல்லேடியம் கரைசலில் கசிவதும் தெரியவரும். வெள்ளி சேர்ப்பது, கரியில் அமீன் தொகுதிகளை ஒட்டி அமிலத்தின் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளச் செய்வது எல்லாம் இந்த மூன்றையும் தள்ளிப்போடும் வழிகள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பி. விஸ்வநாதன் முன்னின்று 2006ல் அமைத்த தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களால், மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் கருவிகளும் ஆட்களும் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். முன்பு பெரிய ஆலைகளுக்கு மட்டுமே கைக்கெட்டிய வசதி இது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அளங்களெல்லாம் வெள்ளக்காடு. மின்சாரம் வர நாளாயிற்று. டீசல் எஞ்சின்களை வைத்துத்தான் தண்ணீரை இறைத்தார்கள். அப்போது சித்தப்பா கேட்டார்: "உன் ஆசிட்ட ஊத்தி இந்த மோட்டார ஓட்ட முடியுமா, முடியாதா?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். 5 குதிரைச் சக்தி மோட்டாருக்குச் சுமார் 4.4 கிலோவாட் மின்சாரம் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் ஆற்றல். எரிபொருள் கலம் அதில் பாதியை மின்சாரமாகக் கொடுக்கும் என்று வைத்தால், மணிக்கு 0.26 கிலோ ஹைட்ரஜன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 85 சதவீத அமிலம் 27 கிலோ. ஆக மணிக்கு 7 கிலோ அமிலம். 35 கிலோ கேன் ஒன்று 5 மணி நேரம் ஓடும். அதே மோட்டாரை ஓட்ட டீசல் எஞ்சினுக்கு மணிக்கு ஒரு லிட்டரும் சொச்சமும் போதும்.

"அப்ப டீசலே போதும்ல?" என்றார். வெயில் காலத்தில் டீசல்கூட வேண்டாம், சூரிய மின்சார பம்ப் போதும் என்றேன். உப்பு விளைய எந்த வெயில் வேண்டுமோ அதே வெயில்தான் பம்ப்பையும் ஓட்டும். ஃபார்மிக் அமிலத்துக்குப் பொருத்தமான இடம், வெயிலும் மின்கம்பியும் இல்லாத சமயத்தில், புகையும் சத்தமும் கூடாத இடத்தில், கொஞ்சம் மின்சாரம் நிச்சயமாக வேண்டும் என்கிற இடம்: செல்போன் கோபுரம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குளிர்பெட்டி, ஆய்வகம். சுவிட்சர்லாந்தில் லாரென்ட்சியின் ஆய்வகமும் ஜிஆர்டி நிறுவனமும் சேர்ந்து 2018ல் 800 வாட் கொடுக்கும் அத்தகைய அலகு ஒன்றைச் செய்து காட்டின. நெதர்லாந்தில் ஐந்தோவன் மாணவர்கள் பேருந்துக்குப் பின்னால் இழுத்துப் போகும் ஃபார்மிக் அமில மின்னாக்கியைச் செய்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இன்று சந்தையில் வரும் ஃபார்மிக் அமிலம் பெரும்பாலும் மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துச் செய்தது. அதன் மூலம் இயற்கை எரிவாயுவும் நிலக்கரியும். அதிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனைப் பசுமை என்று சொன்னால் பொய். காற்றிலோ ஆலைப் புகையிலோ இருக்கும் கார்பன் டை ஆக்சைடை, சூரிய மின்சாரத்தில் எடுத்த ஹைட்ரஜனோடு சேர்த்து அமிலமாக்கினால்தான் கணக்கு நேராகும். மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் அறிவித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம், உற்பத்தியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. உற்பத்தியானதை எதில் சுமப்பது என்ற கேள்வி வரும்போது அம்மோனியா, மெத்தனால், ஃபார்மிக் அமிலம் எல்லாம் வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் எங்கள் அமிலத்துக்கு முதலிடம் என்று நான் வாதாட மாட்டேன்.

விலை விஷயம். பல்லேடியம் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வருகிறது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாளில், 31.1 கிராம் கொண்ட ஒரு ட்ராய் அவுன்ஸ் 3,400 டாலரைத் தாண்டியது. இரண்டு வருஷத்துக்குள் 1,000 டாலருக்கும் கீழே வந்தது. இப்படி ஏறி இறங்கும் உலோகத்தை வைத்துத் தொழில் செய்கிறவர், பழைய வினையூக்கியைக் குப்பையில் போட முடியாது. ஓய்ந்துபோன கரியைத் திருப்பி வாங்கி, எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்துப் பல்லேடியத்தை மீட்பார்கள். மீட்கும்போது அது எந்த வடிவில் வரும் தெரியுமா? பெரும்பாலும் குளோரைடாகத்தான். மறுபடி கழுவல்.

மீட்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது நெருப்பு. ஹைட்ரஜன் உறிஞ்சிய பல்லேடியக் கரி காய்ந்தால், காற்றுப் பட்டே கனலத் தொடங்கும். பக்கத்தில் மெத்தனால் ஆவி இருந்தால் சொல்லவே வேண்டாம். வடிகட்டும்போது புனலில் தண்ணீர் வற்ற விடக்கூடாது. விற்பனைக்குப் போகும் சரக்கும் பாதிக்குப் பாதி ஈரத்தோடுதான் போகும். எடை போட்டு வாங்குகிறவர் "தண்ணிக்கா காசு?" என்று கேட்பார். அந்தத் தண்ணீர்தான் அவருடைய ஷெட்டைக் காப்பாற்றுகிறது. விலையையும் ஈரம் நீக்கிய எடைக்குத்தான் போடுகிறோம்.

பல்லேடியம் வினையூக்கி வாங்க வருகிறவர்கள் இப்போது அதிகம். பெரும்பாலும் மருந்துக் கம்பெனிக்காரர்கள்; எப்போதாவது ஹைட்ரஜன் என்று சொல்லிக்கொண்டு இளைஞர்கள் சிலர். விற்கிறவரிடம் கேட்கச் சொல்லி அவர்களுக்கு நான் சொல்வது மூன்று கேள்வி. குளோரைடு எவ்வளவு, எந்த முறையில் பார்த்தீர்கள்? ஈரம் எவ்வளவு? ஓய்ந்த சரக்கைத் திருப்பி எடுப்பீர்களா, மீட்ட பல்லேடியத்துக்கு என்ன கணக்கு? விற்கிறவர் இந்த மூன்றில் எதற்கு மழுப்பினாலும், வேக எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வேறு கடை பாருங்கள்.